கை சூடாகும் வரை

“கை இப்படி ஜில்லுனு இருக்கேண்ணே” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் என் வலது கையின் மேல் ஒரு சின்ன வட்டப் பட்டையை ஒட்டி, அதிலிருந்து போன வயரின் மறுமுனையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். இருபத்தேழு புள்ளி எட்டு. “இப்படியே எடுத்தா ரீடிங் தப்பா வந்துரும். கை குளிர்ந்திருந்தா நரம்புல கரண்ட் மெதுவாத்தான் ஓடும். முப்பத்திரண்டு டிகிரி வரட்டும், அப்புறம் எடுப்போம்.” வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, முதலில் தன் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் மேல் என் கையைப் படுக்கவைத்து, இன்னொரு துண்டால் மூடினாள். சூடு எனக்குச் சரியாகத் தெரியாது என்பதால் அவள் கையில் வைத்துப் பார்க்கிறாளாம். சொல்லாமல் செய்திருக்கலாம். “இருபது நிமிஷம் ஆகும், அசையாம படுத்திருங்க.” நஸ்ரின் என்று கோட்டில் பெயர் குத்தியிருந்தாள். போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறேன். தப்பா வந்துரும். தப்பா வந்துரும் என்றாளே, அப்படியென்றால் தை மாதம்? தை மாதம் இதே கட்டிலில் இதே கையை நீட்டிக்கொண்டு கிடந்தேனே, அன்றைக்கு எவன் துண்டு போட்டு மூடினான்? பனி கொட்டுகிற காலையில் முப்பது கிலோமீட்டர் பைக் ஓட்டி வந்தவனை ஏசிக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு இருந்தவன் வேறு ஆள். செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருக்கோ கல்யாண மண்டபம் பேசி முடித்தபடியே எனக்கு ஷாக் கொடுத்தான். அந்த மண்டபத்தில் ஒரே பந்தியில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும், இருநூற்றைம்பது. என் கை எத்தனை டிகிரி என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். எனக்கு எப்படித் தோன்றும்? என் கை குளிர்ந்திருக்கிறது என்று என் கைக்கே தெரியாத வியாதிக்குத்தானே இங்கே வந்து கிடக்கிறேன்.

அவன் கொடுத்த காகிதத்தைப் பார்த்துத்தான் நரம்பு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப ஸ்லோ ஆயிருச்சே பால்ச்சாமி. போன தடவை முப்பத்தொன்பது. இப்ப முப்பது.” நரம்பைச் சுற்றியிருக்கிற உறை கரைந்துகொண்டே போகும் வியாதி எனக்கு. சட்டென்று கொல்லாது, சட்டென்று விடவும் விடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் வைத்துப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி மாத்திரையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதை முதல்முதலில் அவர் எனக்கு விளக்கியது இன்னும் காதுக்குள் எரிகிறது. “வயர் இருக்குல்ல? வயருக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு இருக்கும்ல? அதுக்குப் பேரு இன்சுலேஷன்.” எனக்குச் சொல்கிறார். இருபத்து நான்கு வருஷமாக லைன்மேன் வேலை பார்க்கிறவனுக்கு. பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற கம்பியில் இன்சுலேஷனே கிடையாது டாக்டர், காற்றுதான் இன்சுலேஷன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மண்டையை ஆட்டினேன். ஆட்டியதில்தான் கோபம். அந்த வேகம் இன்சுலேஷனைக் காட்டும், அலையோட உயரம் இன்னொன்றைக் காட்டும் என்று அவர் மேலும் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். பாதிதான் காதில் விழுந்தது, மீதியை என் கோபம் தின்றுவிட்டது. அப்புறம் கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஊசியைக் குத்தி, “லூசா விடுங்க, ஒண்ணும் செய்யாதீங்க” என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை. ஸ்பீக்கர் மட்டும் பொட்டுப் பொட்டென்று சத்தம் போட்டது. சும்மா இருக்கிற சதை சத்தம் போடக் கூடாதாம். ஸ்பீக்கரில் லூஸ் கான்டாக்ட் இருக்கும். இருக்காதா? எந்த ஆஸ்பத்திரி மெஷினை எவன் ஒழுங்காகப் பராமரிக்கிறான்? எங்கள் செக்‌ஷனுக்கு முன்பு இருந்த இன்ஜினீயர் மேடம் டிரான்ஸ்ஃபார்மரில் மெக்கர் மீட்டர் போட்டு இன்சுலேஷன் பார்க்கும்போதெல்லாம் முதலில் கேட்பது, எண்ணெய் எத்தனை டிகிரி? நான் ஒருமுறை வெறும் ரீடிங்கை மட்டும் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். “சூடு எழுதாத ரீடிங் ரீடிங்கே இல்ல பால்ச்சாமி, திரும்பப் போய் எடுங்க” என்று மத்தியான வெயிலில் ஆறு கிலோமீட்டர் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அந்த அம்மாவை மனசுக்குள் வைத வசவு கொஞ்சமில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள்கூட நான் டிகிரி எழுதாமல் கையெழுத்துப் போட்டதில்லை. எண்ணெய் ஊற்றின இரும்பு டப்பாவுக்கு அவ்வளவு மரியாதை. மனுஷன் கைக்கு இல்லை.

“ஏம்மா, ஒரு டிகிரி குறைஞ்சா வேகம் எவ்வளவு குறையும்?” என்று கேட்டேன். குரல் தடித்து வந்தது. அவள் திரும்பாமல், “சுமாரா ஒண்ணரை, ரெண்டு குறையும்ணே. ஆளுக்கு ஆள் மாறும்” என்றாள். ரெண்டு என்றே வைத்துக்கொள்வோம். தை மாசத்துப் பனியில் என் கை இருபத்தேழுதான் இருந்திருக்கும். ஐந்து டிகிரி, பத்து. முப்பதும் பத்தும் நாற்பது. நாற்பது! அதற்கு முந்தின தடவை முப்பத்தொன்பது. அடப்பாவிகளா, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. குறையவே இல்லை. நன்றாக இருந்தவனைப் பிடித்து ஆறு மாதமாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மாத்திரை. முகம் வீங்கி, கண் இடுங்கி, கழுத்தே இல்லாமல் போய், சர்க்கரை வந்து, அதற்கு ஒரு மாத்திரை, வயிறு எரிந்து அதற்கு ஒரு மாத்திரை. ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் போனால் அந்த ஆள் கார்டில் இருக்கும் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “இது உங்க அண்ணனா?” என்கிறான். ராத்திரி தூக்கம் இல்லை. எதற்கெடுத்தாலும் கோபம். மாத்திரைக்கு அப்படித்தான் கோபம் வரும் என்று டாக்டரே சொன்னாராம், சுப்புத்தாய் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அவரு ஒண்ணும் சொல்லல, மாத்திரைதான் கத்துதுன்னு. என் பொண்டாட்டி என் கோபத்தைக்கூட என்னுடையதாக விட்டுவைக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் காப்பி டம்ளர் சுவரோரமாகப் போய் விழுந்து அடுப்படியெல்லாம் காப்பி. நான் எறிந்தேன் என்று நினைத்தாள். குனிந்து துடைத்தாள். துடைக்கும்போது அவள் தோள் குலுங்கியது. நான் எறியவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், பிடித்துக்கொண்டு இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், அது பாட்டுக்குப் போய்விட்டது. எறிந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எறிகிறவனுக்குக் கையில் பலம் இருக்கிறது என்று அர்த்தம். எறிந்த புருஷனோடு அவள் இருந்துகொள்ளட்டும்.

இருபத்தொன்பது புள்ளி ஐந்து. டப்பா என் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. இரண்டு டிகிரி ஏறுவதற்கு இவ்வளவு நேரம். ஏறட்டும், நன்றாக ஏறட்டும். இன்றைக்கு எடுக்கிற காகிதம் வியாழக்கிழமை மெடிக்கல் போர்டுக்குப் போகிறது. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து இதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள், நான் மறுபடி கம்பம் ஏறலாமா, இல்லை, ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆபீசில் போன் எடுக்க வேண்டுமா என்று. இன்னும் பதினோரு வருஷம். பதினோரு வருஷம் அந்தப் போன். “ஹலோ ஈபி ஆபீஸா, கரண்ட் எப்ப வரும்?” வரும்மா, ஆள் போயிருக்கு. “எந்த ஆள்?” எந்த ஆளா? நான்தான் அந்த ஆள், தாயி. முந்தின வருஷம் ஐப்பசியில் அடை மழையில் உன் தெரு முக்கில் ஜம்பர் கம்பி அறுந்து தொங்கியபோது ஏறிக் கட்டினவன் நான்தான், இப்போது ரிசீவரை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு உனக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். காசிலிங்கம் தினமும் சாயங்காலம் வேலை முடித்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு என்னென்ன ரிப்பேர் என்று ஒன்று விடாமல் சொல்வான். எனக்கு ஆறுதலாம். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், இருபது வருஷம் ஒருவன் மேலே, ஒருவன் கீழே. மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் மேல் நம்பிக்கை வேண்டும், லைனை நிறுத்துகிற ஏபி ஸ்விட்சை இழுத்துப் பூட்டிவிட்டேன் என்று அவன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் கை வைக்க வேண்டும். கீழே இருக்கிறவனுக்கும் மேலே இருக்கிறவன் மேல் வேண்டும். கை வேர்த்திருச்சு என்று சொன்னேன். முந்தின வருஷம் சித்திரை மாதம், வேர்க்கத்தானே செய்யும். கட்டிங் பிளேயர் கையிலிருந்து நழுவி அவன் காதோரமாக மண்ணில் போய்க் குத்தி நின்றது. வேர்வைதான். அவன் தலையில் ஹெல்மெட் இல்லை, வெயிலுக்குக் கழற்றி வைத்திருந்தான். அதற்கு அவனைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். மேலே இருந்தபடியே, பிளேயரைப் போட்ட நான், “ஏண்டா ஹெல்மெட்ட எங்கடா வச்ச, பொண்டாட்டி பிள்ள இருக்கா இல்லையாடா ஒனக்கு” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவன் குனிந்து பிளேயரை எடுத்துத் துடைத்துக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். வேர்வைதான். அந்த ஆண்டுக் கடைசியில்தான் கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்கே வந்தேன், எட்டு மாதம் கழித்து. எட்டு மாதம் அந்தக் கையோடு ஏறினேன். வேர்வை என்றால் துடைத்தால் போயிருக்கும். துடைத்துக்கொண்டேதான் இருந்தேன், சட்டையில், பேன்டில், கம்பத்தில். விடு. அது வியாதி என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. இப்போது அதைப் பற்றி என்ன? இப்போது பேச்சு, தை மாதம் எவன் சூடு பார்க்காமல் எடுத்தான் என்பதுதான். வியாழக்கிழமை போர்டில் அதைத்தான் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். ஐயா, ஒரு ரீடிங்கை எழுதினால் சூட்டையும் எழுத வேண்டும், எங்கள் டிபார்ட்மென்டில் சாதாரண வயர்மேனுக்குத் தெரிந்தது உங்கள் டிபார்ட்மென்டில் தெரியவில்லையே என்று. மூன்று பேர் முகமும் தொங்கிப்போகும். நினைக்கவே நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வருகிறது. கோபம் வந்தால் மூச்சு முட்டும் என்பார்கள், எனக்கு இப்போதுதான் நெஞ்சு விரிகிறது.

“முப்பத்திரண்டரை. வந்துருச்சுண்ணே” என்று துண்டை விலக்கினாள். கை சிவந்திருந்தது. அவள் கட்டைவிரல் சதை மேல் ஒரு ஸ்டிக்கர், விரல் மூட்டில் ஒரு ஸ்டிக்கர், புறங்கையில் பட்டையாக இன்னொன்று ஒட்டினாள். “இது எர்த்ணே.” தெரியும்மா, எர்த் போடாமல் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சின்ன இடுக்கி மாதிரி இரண்டு முனை உள்ள கருவியை மணிக்கட்டில் அழுத்தினாள். “கொஞ்சம் சுள்ளுனு இருக்கும்.” சுள். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. என்னைக் கேட்காமல் துள்ளுகிற அந்த விரலைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பற்றிக்கொண்டு வரும். நான் மடங்கு என்றால் மடங்காது, இவள் கரண்ட் வைத்தால் எழுந்து சலாம் போடுகிறது. சுள். இன்னும் கூட்டினாள். சுள். இருபத்து நான்கு வருஷத்தில் இரண்டே தடவைதான் கரண்ட் என்னைத் தொட்டிருக்கிறது, இரண்டு தடவையும் என் கவனக்குறைவு, அதற்கு நான் யாரையும் குறை சொன்னதில்லை. இங்கே படுத்துக்கொண்டு நானே நீட்டி வாங்கிக்கொள்கிறேன். முழங்கைக்கு உள்பக்கம் வைத்தாள். அங்கே கொஞ்சம் அதிகமாகவே கொடுக்க வேண்டியிருந்தது, பல்லைக் கடித்தேன். திரையில் பச்சைக் கோடு எழுந்து விழுந்தது. அவள் அளவு ஸ்கேலை இழுத்து வைத்தாள், பட்டனைத் தட்டினாள், எண் வந்தது. என் பக்கத்திலிருந்தே தெரிந்தது. நாற்பத்தொன்று.

“நாப்பத்தொண்ணு!” எழுந்தே விட்டேன், வயர் இழுத்தது, “அசையாதீங்கண்ணே” என்றாள், நான் எங்கே கேட்டேன். “பாத்தியாம்மா? பாத்தியா? தை மாசம் முப்பதுன்னு எழுதிக் குடுத்தானே, யாரும்மா அவன்? மண்டபம் பேசிக்கிட்டு இருந்தானே! அவனைக் கூப்பிடு. ஆறு மாசமா விஷத்தத் தின்னுருக்கேன்மா நான். எம் மூஞ்சியப் பாரு. இது எம் மூஞ்சியே இல்லம்மா. ஒரு டிகிரி எழுதத் தெரியாதவன எவன்மா இங்க வேலைக்கு வச்சது?” கத்தினேன். நன்றாகக் கத்தினேன். வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். மாத்திரை கத்தவில்லை, சுப்புத்தாய், இது நான். அவள், நஸ்ரின், என்னைத் தடுக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்துவிட்டு, “நீங்க சொல்றது சரிதாண்ணே. சூடு பாக்காம எடுத்தது தப்புதான். நானே டாக்டர்ட்ட சொல்றேன்” என்றாள். ஒத்துக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்கு அடுத்த வாக்கியம் கிடைக்காமல் நின்றேன். அந்த இடைவெளியில்தான் திரையில் இன்னொரு எண்ணும் இருப்பதைக் கவனித்தேன். வேகத்துக்குப் பக்கத்தில், இன்னொரு கட்டத்தில். ஒன்று புள்ளி ஒன்பது. “அது என்னம்மா?” அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “டாக்டர் சொல்வாருண்ணே.” “எனக்கே வெளங்கும், சொல்லு. நான் கரண்டு ஆளு.” அவள் என் பழைய காகிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். “இது அலையோட உயரம். மொதத் தடவை ஏழு. தை மாசம் அஞ்சு. இன்னைக்கு ஒண்ணு புள்ளி ஒம்பது.” வேகம் இன்சுலேஷன், உயரம் உள்ளே இருக்கிற இழை. டாக்டர் சொன்னாரே, பாதி காதில் விழுந்ததே. ஏழு இழை முறுக்கிய கம்பியில் ஐந்து அறுந்துவிட்டால் மீதி இரண்டிலும் வோல்டேஜ் இருக்கத்தான் செய்யும், டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும், லோடு கொடுத்தால் தாங்காது. இது எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாய் விடவில்லை. “இதுவும் அவன் எடுத்ததுனாலதானம்மா? குளிர்ல எடுத்ததுனால அந்த அஞ்சும் தப்பாத்தான இருக்கும்?”

“தப்புதாண்ணே” என்றாள் நஸ்ரின். குரலைத் தணித்துக்கொண்டாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “குளிர்ந்த கையில வேகம்தான் குறைச்சலாக் காட்டும். உயரம் உள்ளதைவிடக் கூடுதலாக் காட்டும். தை மாசத்து அஞ்சுகூட நெசமான அஞ்சா இருக்காது. அப்பவே இன்னும் கொறஞ்சுதான் இருந்திருக்கும்.” எவனைத் திட்டுவது? அந்த மண்டபக்காரன் தப்பாக எடுத்தான், தப்பாக எடுத்து உயரத்தை என் பக்கம்தான் கூட்டிக் கொடுத்திருக்கிறான். டாக்டர் தப்பான காகிதத்தைப் பார்த்துச் சரியான மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். மாத்திரை இன்சுலேஷனைப் பிடித்து வைத்திருக்கிறது, உள்ளே இருந்த இழை அதற்குள் போய்விட்டது, எப்போது போனது, சித்திரையிலா, அந்த எட்டு மாதத்திலா, துடைத்துத் துடைத்து ஏறினேனே, அப்போதா. அப்போதே வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பெண் சொல்லவில்லை. சொன்னால் கத்தலாம். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். அவள் ஸ்டிக்கரைப் பிரிக்கக் குனிந்தாள். “இரும்மா” என்றேன். இது யார் குரல், எனக்கே அடையாளம் தெரியவில்லை, கடன் கேட்கிறவன் குரல் மாதிரி இருந்தது. “இரு, பிரிக்காத. நான் ரெண்டு மணி நேரம் வேணும்னாலும் அந்த ஏசிக்குக் கீழ உக்காந்துக்கிறேன். கை நல்லா ஆறட்டும். ஆறினப்புறம் இன்னொருக்கா எடு. வேகத்த இதுல இருந்து எடுத்துக்க, உயரத்த அதுல இருந்து எடுத்துக்க. போர்டுக்குப் போற காகிதந்தானம்மா. டிகிரிய மட்டும் எழுதாத.”